உறுதியாகத் தெரிய வேண்டியதில்லை, சந்தேகம் போதும்

"உறுதியா தெரியாம எப்படி சிஸ்டர் போய் சொல்றது?" ஒரு பிள்ளையை யாரோ துன்புறுத்துகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் போய்ச் சொல்லுங்கள் என்று நான் சொல்லும்போது டீச்சர்கள் இப்படிக் கேட்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்பார்கள், புதிதாக டியூட்டிக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்கள்கூடக் கேட்பார்கள். ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையின் பிள்ளைகள் வார்டில் பல வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இதற்கு நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். உறுதி செய்வது உங்கள் வேலையும் இல்லை, என் வேலையும் இல்லை, அதற்குப் போலீஸ் இருக்கிறது, பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. மனதில் உறுத்துவதைச் சரியான இடத்தில் போய்ச் சொல்வதோடு நம் பங்கு முடிகிறது. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவைப் படித்துப் பாருங்கள், குற்றம் நடந்தது தெரிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரும் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் சிக்கல், 21-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. பள்ளி, விடுதி மாதிரி ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை.

கீழே வரும் பிள்ளைகளின் வயது, உறவு, சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்பது ஒருபுறம், அந்தப் பிள்ளைகளே நாளைக்கு இதைப் படிக்கலாம்.

வெந்நீர்க் காயம் எங்கள் வார்டில் தினப்படி வரும். தரையிலேயே அடுப்பு, பக்கத்தில் இறக்கி வைத்த குளிக்கிற வெந்நீர், அங்கே தவழ்ந்து போகிற பிள்ளை. பெரும்பாலும் விபத்துதான். பாத்திரத்தை இழுத்து மேலே கவிழ்த்துக்கொண்ட பிள்ளைக்கு முகம், தோள், நெஞ்சு, ஒரு கை என்று மேலிருந்து வழிந்து வெந்திருக்கும், ஓரம் ஒழுங்காக இருக்காது, அங்கங்கே தெறித்த சொட்டுக் கொப்புளம் இருக்கும், கீழே வரவர காயத்தின் ஆழம் குறையும். ஒருநாள் வந்த பையனுக்கு இரண்டு வயது இருக்கும். இரண்டு பாதமும் கணுக்காலுக்கு மேலே ஒரே உயரத்தில் கோடு போட்ட மாதிரி வெந்திருந்தன. பிட்டமும் வெந்திருந்தது, ஆனால் நடுவில் கொஞ்சம் தோல் பழுதில்லாமல் இருந்தது. முழங்காலின் பின்மடிப்பு தப்பியிருந்தது. உடம்பில் வேறெங்கும் ஒரு சொட்டுகூடத் தெறிக்கவில்லை. கூட வந்த அத்தை, "அண்டாவை இழுத்துட்டான் சிஸ்டர்" என்றார்.

அண்டாவை இழுத்தால் இப்படி வேகாது. பிள்ளையைத் தூக்கி வெந்நீர் டப்புக்குள் உட்கார வைத்தால் இப்படி வேகும். சூட்டுக்குக் காலை மடக்கும், மடிப்புக்குள் தண்ணீர் போகாது, டப்பின் அடியில் அழுந்தியிருக்கும் இடம் மட்டும் தப்பும்.

அந்த நேரத்தில் நான் அத்தையோடு மல்லுக்கு நிற்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே, அவர் வார்த்தையிலேயே, நேரம் போட்டு கேஸ் ஷீட்டில் எழுதினேன். ராத்திரி அம்மா தனியாக இருந்தபோது, "குளிப்பாட்டும்போது வழுக்கிட்டான்" என்றாள். அதையும் நேரம் போட்டு எழுதினேன். காலையில் ஒரு கதை, ராத்திரி ஒரு கதை, காயம் இரண்டுக்கும் பொருந்தவில்லை. நான் எழுதியது அவ்வளவுதான், "துன்புறுத்தல்" என்ற வார்த்தையையே எழுதவில்லை. டாக்டர் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போட்டார், அவுட்போஸ்ட் போலீசுக்கு இன்டிமேஷன் போனது, முழு உடம்புக்கும் எக்ஸ்ரே எடுத்ததில் கையில் பழைய முறிவு ஒன்று தானாகக் கூடிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறந்திருக்கவில்லை. நின்ற இடத்திலேயே ஆய் போனான் என்பதற்காகக் கொடுத்த தண்டனை அது என்று பிற்பாடு விசாரணையில் அம்மாவே சொன்னாள், தண்டனை கொடுத்தவர் வீட்டில் அவள் எதிர்த்துப் பேச முடியாத ஒருவர். குழந்தைகள் நலக் குழு பையனை அம்மாவைப் பெற்ற பாட்டியின் பொறுப்பில் விட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். அந்தப் பையனைக் கொண்டுவந்தது காயம்பட்டு இரண்டு நாள் கழித்து, பேஸ்ட் தடவி. தாமதமாக வந்தார்கள் என்பதை மட்டும் வைத்து யாரையும் சந்தேகப்படக் கூடாது. பேஸ்ட், இங்க், தோசை மாவு எல்லாம் தடவிக்கொண்டு நல்ல பெற்றோரும்தான் வருகிறார்கள், பஸ் இல்லை, கூலி போய்விடும், வீட்டுக்காரர் ஊரில் இல்லை என்று ஆயிரம் காரணம். தாமதத்தோடு கதை மாறுவதும், காயம் கதையோடு ஒட்டாததும், பிள்ளையின் வயதுக்கு முடியாத காரியத்தைப் பிள்ளை செய்ததாகச் சொல்வதும் சேர்ந்து வரும்போதுதான் காதைத் தீட்ட வேண்டும். மூன்று மாதக் குழந்தை "தானா உருண்டு கட்டில்லேர்ந்து விழுந்து தொடை எலும்பு உடைஞ்சிடுச்சு" என்றால் நின்று யோசிக்கத்தான் வேண்டும்.

ரத்தம் கட்டிக் கன்றிப்போன இடங்களுக்கும் இதே கணக்குதான். ஓடியாடும் பிள்ளைக்கு முழங்கால், முன்னங்கால், நெற்றி, மோவாய் இங்கெல்லாம் அடிபடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். காது, கழுத்து, வயிறு, முதுகு, தொடையின் உட்புறம் இதெல்லாம் விழுந்து அடிபடும் இடங்கள் இல்லை. இன்னும் தவழக்கூட ஆரம்பிக்காத குழந்தைக்கு எங்கே கன்றியிருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். நிறத்தைப் பார்த்து "இது மூணு நாள் பழசு" என்று சொல்வார்கள், நம்பாதீர்கள், அப்படிச் சொல்ல முடியாது. அதே சமயம் நம் குழந்தைகள் நிறையப் பேருக்குப் பிறக்கும்போதே இடுப்பிலும் பிட்டத்திலும் நீலத் திட்டு இருக்கும், அது அடி இல்லை. ரத்தம் உறையாத நோய், தட்டணுக்கள் குறைவது, எலும்பு பலவீனம் இதெல்லாமும் பார்க்க அடிபட்ட மாதிரியே தெரியும். வலிப்புக்கும் மஞ்சள் காமாலைக்கும் வயிற்றில் சூடு வைத்துக் கூட்டி வருகிற பாட்டிகளும் இன்னும் இருக்கிறார்கள், நோக்கம் வைத்தியம், ஆனால் பச்சைக் குழந்தைக்கு அது காயம்தான். இவற்றையெல்லாம் பிரித்துப் பார்க்க ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் இருக்கின்றன. அதனால்தான் சொல்கிறேன், தெருவில் நிற்கும் நீங்கள் முடிவு கட்ட வேண்டியதில்லை. 1962-இல் அமெரிக்காவில் ஹென்றி கெம்பே என்ற குழந்தை மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் கட்டுரை எழுதும்வரை, உடைந்த எலும்போடு வந்த குழந்தைகளைப் பார்த்த டாக்டர்களிலேயே பலர் பெற்றவர்கள் அடித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

நம் ஊரில் இன்னொரு தொல்லை, அடிப்பதை வளர்ப்பு என்றே நினைக்கிறோம். "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதே உரிமம் எழுதிக் கொடுக்கிற அப்பாக்களை எனக்குத் தெரியும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்திருக்கிறது, அப்பா அனுமதி கொடுத்தாலும் அது செல்லாது.

அடுத்து, யாரும் பேசாத விஷயம், கவனிப்பாரில்லாமல் கிடக்கும் பிள்ளைகள். அடிபட்ட பிள்ளையைப் பார்த்தால் வார்டே பதறும். இந்தப் பிள்ளைகளைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுவார்கள். ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள், தலை முழுக்க பேன், சொறிந்து சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்து, கழுத்தில் நெறி கட்டி, காய்ச்சலோடு. எடை நான்கு வயதுப் பிள்ளையின் எடை. கூட்டி வந்தது பக்கத்து வீட்டுப் பாட்டி. வார்டில் கொடுக்கும் ரொட்டியில் பாதியைத்தான் தின்பாள், மீதியைத் தலையணைக்கு அடியில் வைப்பாள், எறும்பு மொய்க்கிறது என்று ஆயாம்மா சத்தம் போடுவார். ஏன் என்று கேட்டால், "தம்பிக்கு." தம்பி கைக்குழந்தை. அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் அவள் பள்ளிக்கூடம் போகாமல் நின்றிருக்கிறாள்.

"இப்படியும் ஒரு தாயா" என்று வார்டில் எல்லோரும் பேசினார்கள். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு போனில் சொன்னது வேறு. பிரசவத்துக்குப் பிறகு அந்தத் தாய் பாயை விட்டு எழுந்திருப்பதில்லை, பேசுவதில்லை, பிள்ளை அழுதால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். கட்டியவர் கூலியை டாஸ்மாக்கில் கொடுத்துவிட்டு வருகிறவர். அந்த வீட்டுக்குப் போலீசை அனுப்பி என்ன ஆகப்போகிறது? மாவட்டத்தில் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அலுவலகமான குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தகவல் சொன்னோம். தாய்க்கு மாவட்ட மனநல டாக்டரிடம் மாத்திரை ஆரம்பித்தார்கள். கைக்குழந்தையை அங்கன்வாடியில் பதிவு செய்தார்கள். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒன்று இருக்கிறது, தகுதியான பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், அதற்கும் எழுதிப் போட்டார்கள், வந்து சேரப் பல மாதம் ஆனது, நடையாய் நடந்து வாங்கியது அந்தப் பாட்டிதான். பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

இல்லாமையை அலட்சியம் என்று எழுதிவிடக் கூடாது, வேலையில் நான் பிடித்துக்கொண்ட ஒரு விதி இது. இருந்தும் கொடுக்கவில்லையா, இல்லாததால் கொடுக்கவில்லையா, கொடுக்கும் நிலையிலேயே அவர் இல்லையா என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள், மூன்றுக்கும் உதவி வேறு வேறு இடத்திலிருந்து வர வேண்டும். அப்புறம், வசதியான வீட்டிலும் இது உண்டு. சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்திவிட்டு யாரோ சொன்ன பொடியைக் கொடுத்து, மூச்சு வாங்க மயக்கத்தில் தூக்கி வருகிறார்கள், ஐ.சி.யூ.வில் பிழைத்து வீட்டுக்குப் போன பிறகு மறுபடியும் அதே பொடி. இரண்டாம் முறை வந்தால் அது அறியாமை என்று நான் விடுவதில்லை, பாதுகாப்பு அலகுக்குச் சொல்லுங்கள் என்று டாக்டரிடம் நிற்பேன்.

பாலியல் துன்புறுத்தல் பெரும்பாலும் எங்களிடம் வயிற்று வலியாக வரும், நீர்க்கடுப்பாக வரும், பத்து வயதுக்கு மேல் திரும்ப ஆரம்பித்த படுக்கை நனைப்பாக வரும். ஒரு பெண்ணுக்குப் பதினொரு வயது. வலி என்று சேர்ப்பார்கள், ஸ்கேன் நார்மல், அனுப்புவோம், திரும்ப வருவாள். டிஸ்சார்ஜ் என்று சொன்ன அன்றைக்குத்தான் வலி கூடும். ஒருமுறை கையில் மருந்து ஏற்றப் போட்டிருந்த வென்ஃப்ளான் ஊசிக்குழாயை எடுத்துக்கொண்டிருந்தேன், "சிஸ்டர், நான் இங்கயே இருக்கலாமா?" என்றாள். "ஏன் கண்ணு?" என்று மட்டும் கேட்டுவிட்டு பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். சொன்னாள். வீட்டோடு வந்து தங்கியிருந்த ஓர் உறவுக்காரர்.

இந்த இடத்தில் நாம் என்ன பேசுகிறோம் என்பது பிறகு கோர்ட் வரைக்கும் போகும். "அவரு இங்க தொட்டாரா, அங்க தொட்டாரா" என்று நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. "என்ன ஆச்சு", "அப்புறம்", இந்த இரண்டு கேள்வி போதும். முகத்தில் அதிர்ச்சியைக் காட்டினால் பிள்ளை பாதியில் நிறுத்திவிடும். "ஏன் இவ்வளவு நாள் சொல்லல" என்று கேட்கவே கூடாது. "நீ சொன்னது நல்லது, நான் நம்புறேன், உன் மேல தப்பு இல்ல" என்று சொல்லலாம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் மட்டும் பண்ணாதீர்கள், காப்பாற்ற முடியாது. நான் அவளிடம், "உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்லணும் கண்ணு, சொல்றதுக்கு முன்னாடி உனக்குத் தெரியப்படுத்துவேன்" என்றேன். அவள் சொன்ன வார்த்தைகளை மாற்றாமல் உடனே எழுதி வைத்தேன். பிள்ளை அந்த இடத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரையே எழுதுங்கள், நாகரிகமாக மாற்றாதீர்கள்.

அம்மா அழுதாள். அழுது முடித்ததும், "கேஸ் கீஸ் எல்லாம் வேணாம் சிஸ்டர், நாளைக்கு இவளை யாரு கட்டிக்குவா?" இந்த வாக்கியத்தைக் கேட்காத நர்ஸ் இருக்க மாட்டாள். திட்டத் தோன்றும், திட்டக் கூடாது, அவள் பயப்படுவது நிஜமான ஒரு ஊருக்கு. அவளை உட்கார வைத்துச் சொன்னேன்: பெயர் எங்கேயும் வராது, பேப்பரில் போட்டால் போட்டவர் மேல் வழக்கு. வைத்தியத்துக்கு எஃப்.ஐ.ஆர். தேவையில்லை, அது இல்லாமல் பார்க்க மாட்டோம் என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது, தனியார் ஆஸ்பத்திரியும் சேர்த்துத்தான். பெண் பிள்ளையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும், அம்மாவோ பிள்ளை நம்புகிற ஒருவரோ பக்கத்தில் இருக்கலாம். இருவிரல் பரிசோதனை கூடவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-லும் சொன்னது, 2022-இல் இன்னும் கடுமையாகச் சொன்னது. ஆனால் தகவல் கொடுக்காமல் இருக்க எங்களால் முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். மகளிர் ஸ்டேஷனிலிருந்து வந்தவர் யூனிஃபார்மில் வந்தார். வாக்குமூலம் எடுக்கும்போது யூனிஃபார்ம் கூடாது என்பது போக்சோவின் 24-வது பிரிவு. டியூட்டி டாக்டர் அதை எடுத்துச் சொன்னதும் அவர் முகம் சுளிக்காமல் போய் சேலையில் திரும்பி வந்தார், அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ராத்திரி எந்தக் காரணத்துக்கும் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது என்பதும் அதே பிரிவுதான்.

பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாததால் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, இப்படி வரும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு உடம்பில் அடையாளம் எதுவும் இருக்காது. வீட்டில் உள்ளவர்கள் "டாக்டரே ஒண்ணுமில்லனுட்டாங்க" என்று பிள்ளையைப் பொய்க்காரி ஆக்குவது இந்த இடத்தில்தான்.

நடந்து கொஞ்ச நேரமே ஆகியிருந்தால் சில காரியங்கள் அவசரம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பருவமடைந்த பெண்ணாக இருந்தால் கருத்தடை மாத்திரைக்கும் அதே அவசரம். குளிப்பாட்டாமல் கூட்டி வாருங்கள், அந்த உடுப்பைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், பாலிதீன் கவரில் போட்டால் ஈரம் கோத்துத் தடயம் கெட்டுவிடும். குளிப்பாட்டிவிட்டீர்கள் என்றாலும் பரவாயில்லை, வாருங்கள், மாசக்கணக்கில் ஆகியிருந்தாலும் வாருங்கள். அதற்கப்புறம்தான் நீண்ட வைத்தியம், தூக்கத்தில் அலறுவது, யாரையும் அண்ட விடாமல் இருப்பது, சின்னப் பிள்ளை மாதிரி ஒட்டிக்கொள்வது எல்லாம் வரும். மனநல டாக்டரிடம் போகக் கூச்சப்படும் வீட்டுக்கு நான் 14416 எண்ணைக் கொடுப்பேன், டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள். வழக்கு நடக்கும்வரை கூட நிற்க ஒரு ஆதரவு நபரை நலக் குழுவிடம் கேட்டு வாங்கலாம், வழக்கு முடியும் முன்பே சிறப்பு நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தரலாம். கேட்டால்தான் கிடைக்கும்.

பையன்களை மறந்துவிடுகிறோம். மத்திய பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் பேசினார்கள், ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம், அதில் பாதிக்கு மேல் பையன்கள். போக்சோவும் ஆண் பெண் என்று பிரிப்பதில்லை.

தடுப்பது பற்றிக் கேட்டால், பள்ளியில் சொல்லித் தரும் நல்ல தொடுகை கெட்ட தொடுகைப் பாடத்தோடு நின்றுவிடாதீர்கள் என்பேன். தெரிந்தவர், மிட்டாய் வாங்கித் தருபவர், செல்போனில் கேம் போட்டுத் தருபவர் தொடுவது பிள்ளைக்குக் கெட்டதாகவே தோன்றாமல் இருக்கலாம். அதைவிட ரகசிய விதி எளிது: "அம்மாகிட்ட சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அதை முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும், சொன்னால் அடி விழாது. அந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் காப்பாற்ற வேண்டும், மார்க் குறைந்ததற்கு அடி வாங்குகிற பிள்ளை இதை மட்டும் நம்பி வந்து சொல்லாது. உறுப்புகளுக்குச் சரியான பெயரைச் சொல்லிக் கொடுங்கள். மாமாவுக்கு முத்தம் கொடு, தாத்தா மடியில் உட்காரு என்று வற்புறுத்தாதீர்கள். பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம், உறவுக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

பிரசவ வார்டில் இருந்து வீட்டுக்குப் போகும் தாய்மார்களிடம் நான் தவறாமல் சொல்வது வேறு ஒன்று. முதல் இரண்டு மாதம் குழந்தை காரணமில்லாமல் அழும், ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போகும், பிறகு தானாகக் குறையும். பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, காய்ச்சல் இல்லை, இன்னும் அழுகிறது, உனக்குத் தலை வெடிக்கிறது என்றால், பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு வாசலில் போய் அஞ்சு நிமிஷம் நில். அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. பிடித்து உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும், கண் போகும், உயிரும் போகும். இதைக் கணவர், மாமியார் இருக்கும்போது சத்தமாகச் சொல்வேன், உலுக்குவது பல நேரம் தாயாக இருக்காது.

சரி, சொல்வது என்று முடிவெடுத்துவிட்டால் பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், காசு இல்லை, உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை எங்கே இருக்கிறது, அடையாளத்துக்கு என்ன கடை, என்ன கோயில், நீங்கள் கண்ணால் பார்த்தது என்ன, காதால் கேட்டது என்ன, எப்போது, இந்த நிமிஷம் ஆபத்து உண்டா, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள், பதற்றத்தில் பாதி மறந்துபோகும். உயிர் ஆபத்து என்றால் 112. பள்ளி சம்பந்தப்பட்டது என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-லும் சொல்லலாம். சம்பந்தப்பட்டவரிடம் நீங்களே போய் நியாயம் கேட்காதீர்கள், அன்றைக்கு ராத்திரி அந்தப் பிள்ளைதான் அதற்கும் சேர்த்து வாங்கும். சொல்லியும் அசைவு இல்லை என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும் நலக் குழுவுக்கும் எழுத்தில் கொடுங்கள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாளிலும் கொடுக்கலாம், கொடுத்ததற்கு நகலில் தேதி போட்டு சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.